பத்து தீகாவைத் தாண்டினால் நின்றுவிடும் கார்

எங்கள் பயிற்சி மையத்தின் ஆண்டு மலருக்கு ஓய்வு பெற்ற ஒருவரின் தொழில் அனுபவம் வேண்டும் என்று மாணவர்கள் ஆசிரியர் அறைக்கு வந்தார்கள். அறையில் தலை நரைத்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மாணவர்கள் நேராக என் மேசைக்கு வந்து நின்றார்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று.

"டீச்சர், நீங்கதானே இப்பத்தான் ரிட்டையர் ஆனீங்க?"

கோபப்படவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. கிள்ளானில் ஒரு பட்டறையில் கார்களுக்கு மின்வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் நான். போன மாதம்தான் கருவிப் பெட்டியைக் கழுவித் துடைத்து, சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்தேன். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக் கழுத்தை முறுக்கிக்கொண்டு படுத்த நாள்கள் முடிந்துவிட்டன. அந்த வகையில் ஓய்வு பெற்றவள்தான்.

"கஷ்டமான கேஸ் ஒண்ண எழுதுங்க டீச்சர். வெளிநாட்டுக் காடி ஏதாச்சும்."

இவர்கள் எந்தக் கார் வந்தாலும் முதலில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். கார் தன் நோயைத் தானே சொல்லிவிடும் என்று நம்புகிறார்கள். அநேகமாகச் சொல்லவும் செய்கிறது. அதனால் இவர்களுக்காக, கடைசிவரை வாயைத் திறக்காத ஒரு காரைப் பற்றி எழுதுகிறேன். அது வெளிநாட்டுக் காரும் அல்ல. எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற, உள்நாட்டில் செய்த, மரூன் நிறச் செடான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். துறைமுகத்தில் லோரி ஓட்டி எங்களை வளர்த்தார். அம்மா அதுவும் இல்லை. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்து, தொழிற்கல்லூரியில் வாகன மின்னியல் படித்து, அச்சில் என் பெயர் போட்ட சான்றிதழோடு வீட்டுக்கு வந்தேன். அதைச் சட்டம் போட்டு மாட்ட அப்பா ஆணி அடித்தபோது சுவரில் சிமெண்டு பெயர்ந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தை இன்னும் பூசவில்லை. பூசவும் விட மாட்டார்.

படித்த வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வேலைக்குப் போன முதல் வாரத்தில் ஒரு வாடிக்கையாளர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஃபோர்மன் யாரும் இல்லையா?" என்று கேட்டார். மெக்கானிக்கை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். "நான்தான் அண்ணே" என்றேன். சாவியைக் கொடுக்காமல் போய்விட்டார். மறுவாரம் அதே கார் இழுவை லோரியில் வந்தது. அவரும் கூடவே இறங்கினார். சாவியை மட்டும் என் கையில் வைத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் தலைமை ஃபோர்மனை அங்கிள் ஹோ என்று கூப்பிடுவோம். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த சீனர். தமிழில் பேசுவார், ஆனால் வினைச்சொற்களின் வாலை எல்லாம் ஒரே அளவாக நறுக்கிவிடுவார். குரலை உயர்த்த மாட்டார். ஒரு காரைத் தொடுவதற்கு முன் வாடிக்கையாளரையே ஓட்டச் சொல்லி, பக்கத்து இருக்கையில் ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். திரும்பி வந்து நாம் "பம்ப் போயிருச்சு அங்கிள்" என்று சொன்னால், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

"நீ பாத்தா? இல்ல நெனச்சா?"

நினைத்தோம் என்றால் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு.

அவருக்கு இரண்டு விதிகள் இருந்தன. முதலாவது, காரணம் தெரியாமல் தொல்லை கொடுக்கும் காரில், கம்பெனி கொடுக்காததை எல்லாம் முதலில் கழற்று. அலாரம், பின்னால் மாட்டிய கேமரா, கூடுதல் விளக்கு, பெரிய ரேடியோ என்று வெளியில் போட்டுக்கொண்ட எதுவானாலும் சரி. இரண்டாவது, வயரின் தோலைக் கிழிக்காதே. மின்னழுத்தம் பார்க்க வேண்டுமானால் இணைப்பின் பின்புறமாக மெல்லிய ஊசியை நுழைத்துப் பார். தோல் கிழிந்த இடத்தில் நம் ஊர் ஈரம் உள்ளே போகும். போனால் செம்பு பச்சை பூத்துவிடும்.

"மனுசன் தோல் மாதிரிதான். கிழிச்சா, அப்புறம் சீழ்" என்பார்.

இந்த இரண்டு விதிகளையும் நான் இன்றைக்கும் வகுப்பில் சொல்கிறேன். முதல் விதியை அவரும் நானும் சேர்ந்து ஒரே ஒருமுறை மீறினோம். அந்தக் கார்தான் இது.

அப்பா அந்தச் செடானை வாங்கியபோது நான் இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவம். எஸ்பிஎம் முடிவு வந்த வாரம் எங்களை அதில் பத்துமலைக்கு அழைத்துப் போனார். படிக்கட்டுக்குக் கீழே இருந்த கடையில் டாஷ்போர்டில் ஒட்டும் முருகன் சிலை ஒன்றை வாங்கினார். உள்ளங்கை உயரம். வேலுக்குப் பின்னால் வட்டமாக ஒரு சின்ன விளக்கு. ஊருக்குத் திரும்பியதும், கார் அலங்காரப் பொருள்கள் விற்ற ஒரு கடையில் அதற்கு வயர் இழுத்துக் கொடுத்தார்கள். அந்தக் கடை இப்போது இல்லை.

சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு ஒருமுறை எரிந்து அணையும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மறுபடி எரிந்து அப்படியே நிற்கும்.

"பாத்தியா? சாமி கண்ணு முழிச்சி யார் வந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் காடிய எடுக்க விடும்" என்பார் அப்பா, ஏறுகிற எல்லோரிடமும்.

கார் வயதானதும் ஒவ்வொன்றாக வந்தது. இடது பின் கண்ணாடி இறங்கினால் ஏறாது. மழையில் கதவுப் பூட்டுகள் தாமாகவே டக்கு டக்கென்று அடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கை முழுதாக இடப்பக்கம் ஒடித்தால் ஹார்ன் அலறும். ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்னால் காரை நிறுத்தும்போது அது அலறியதில், நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் வைத்து நானே சரிசெய்வேன். ஒன்றைச் செய்தால் அடுத்த மாதம் இன்னொன்று. அதுவரை அது விளையாட்டாகத்தான் இருந்தது.

பிறகு அம்மாவின் சிறுநீரகங்கள் பழுதாயின. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கிள்ளானில் இடம் காலி இல்லை. காத்திருந்து காத்திருந்து, தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தொண்டு மையத்தில் காலை நேரத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. எங்கள் வீடு இருக்கும் பண்டமாரானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகத் தினமும் வேலைக்குப் போகிறவர்களோடு நெரிந்துகொண்டு போக வேண்டும். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். "அது என் டூட்டி" என்று ஏற்றுக்கொண்டார். போகும்போது ரயிலில் போகலாம். வரும்போது அம்மாவால் படி ஏற முடியாது. வாடகைக் காரில் ஒருமுறை திரும்பி வந்தார். வழியில் வாந்தி எடுத்துவிட்டார். ஓட்டுநர் முகம் சுளித்ததைப் பார்த்த பிறகு, இனி அதில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். அதனால் போகவும் வரவும் எங்கள் கார்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கார் நிற்க ஆரம்பித்தது.

ஓடிக்கொண்டே இருக்கும். பாதி வழியில் இருக்கும் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டும். சுபாங்கிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் இரண்டு தடவை தும்மிவிட்டு அடங்கிவிடும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. கால்மணி நேரம் பொறுத்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். என்னிடம் கொண்டுவரும்போது உத்தமமான கார்.

நிற்பது ஒரு தொல்லை. அம்மா தாமதமாகப் போவதுதான் ஆபத்து. தாமதமானால் நாற்காலியில் உட்காரும் நேரம் குறையும். அடுத்தவர் காத்திருப்பார். இரண்டாவது தடவை தாமதமானபோது மையத்தின் தலைமைத் தாதி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். நல்லவர், கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

"ஆன்டி, காலை இடத்துக்கு நெறைய பேரு காத்திருக்காங்க. இன்னொரு தடவ லேட்டானா, ராத்திரி ஷிஃப்டுக்குத்தான் மாத்த முடியும். என் கையில இல்ல ஆன்டி."

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இரவில் எதிரே வரும் விளக்கு அவருக்குப் பூசணிப்பூ மாதிரி விரியும். நான் பட்டறையை விட்டு வர இரவு எட்டாகும், தம்பி வெளியூரில் இருந்தான். ராத்திரி ஷிஃப்டு என்றால் அம்மாவைக் கொண்டுபோக ஆள் இல்லை என்று அர்த்தம்.

வேறு கார் வாங்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"உன்ன காலேஜுல கொண்டுபோய் விட்ட காடி இது" என்றார் அப்பா. "வீட்டுலயே ஒரு ஃபோர்மன வெச்சிக்கிட்டு, ரிப்பேர் பண்ண முடியலன்னு இத விக்கிறதா? எவன்கிட்ட போய்ச் சொல்றது?"

அவர் என்னை அவ்வளவு நம்பினார். எனக்கு அது சுமையாகத்தான் இருந்தது. பற்றாததற்கு எங்கள் சித்தப்பா வேறு. கோயில் வாசலில் என்னைப் பார்த்து, "என்னம்மா எஞ்சினியர், ஊர்க் காடியெல்லாம் உன்கிட்ட வருதாம், வீட்டுக் காடி மட்டும் ரோட்டுலயே நிக்குதாமே? கோச்சிக்கிச்சா லா?" என்று நாலு பேர் கேட்கச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

தாதி எச்சரிப்பதற்கு முன்பே பட்டறையில் எல்லாம் பார்த்தாயிற்று. ஸ்கேனர் ஒரு குறையும் இல்லை என்றது. பெட்ரோல் எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் பம்பை மாற்றினோம். அதன் ரிலேயை மாற்றினோம். எஞ்சின் சுழற்சியைப் பார்க்கும் சென்சாரை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் பட்டறையிலிருந்து கிள்ளான் டவுனைச் சுற்றி வந்தோம். மயில் மாதிரி ஓடியது. மறுநாள் பெட்டாலிங் ஜெயாவில் நின்றது.

கடைசியில் அங்கிள் ஹோவே இறங்கினார். அப்பாவையும் அம்மாவையும் பட்டறைக்கு வரச் சொல்லி, நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"அண்ணே, நிக்கிறதுக்கு முன்னால காடி ஏதும் சொல்லுதா? ஆட்டம், சத்தம், வாசம்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"ஒண்ணும் இல்ல பாஸ்" என்றார் அப்பா.

அங்கிள் ஹோ முதல் விதிக்குப் போனார். அலாரத்தைப் பிடுங்கினோம். என் தம்பி ஆசைப்பட்டுப் போட்ட பெரிய ரேடியோவைக் கழற்றினோம். முன் கேமரா, பின் கேமரா, சார்ஜர் எல்லாம் மேசையில் குவிந்தன. கடைசியாக டாஷ்போர்டில் முருகன் மட்டும் மிஞ்சினார்.

அங்கிள் ஹோ துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். தைப்பூசத்துக்குத் தவறாமல் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறவர் அவர்; மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கறுத்துக் கிடக்கும்.

"இவரு வேண்டாம்" என்றார். "இவரு காவல். சின்ன பல்புதானே, ஒண்ணும் செய்யாது."

"ஆமா அங்கிள்" என்றேன்.

வேறு எந்தப் பொருளானாலும் நான் வாதாடியிருப்பேன். "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்று அவரிடமே கேட்டிருப்பேன். ஆனால் சாமி விஷயம். எங்கள் மூன்று பேருக்கும், அம்மாவையும் சேர்த்தால் நான்கு பேருக்கும், அது இயல்பாகத் தோன்றியது. எடுத்த அத்தனையும் மேசையில் கிடக்க, கார் மறுபடியும் நின்றது. இந்தத் தடவை வீடு திரும்பும்போது நின்றதால் தப்பித்தோம்.

வேறு வழி தோன்றவில்லை. பட்டறையில் வராத கோளாறைப் பட்டறையில் தேட முடியாது. அது வருகிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். பின் இருக்கையின் மெத்தையைத் தூக்கினால் பம்புக்குப் போகும் இணைப்பு தெரியும். அதன் பின்புறமாக ஊசி நுழைத்து, நீள வயர் இழுத்து, மீட்டரை என் மடியில் வைத்துக்கொண்டேன். மெத்தையைத் திரும்பப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். டயாலிசிஸ் நாள் அன்றே, அம்மா எப்போதும் போல முன்னால், அப்பா ஓட்ட, வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பினோம். அங்கிள் ஹோ பட்டறையின் சின்ன லோரியில் எங்கள் பின்னால் வந்தார். நாங்கள் நின்றால் அம்மாவை ஏற்றிக்கொண்டு போக. அவராகவே சொன்னார், நான் கேட்கவில்லை.

ஷா ஆலாம் வரை மீட்டர் பதின்மூன்றரை வோல்ட்டில் அசையாமல் இருந்தது. பத்து தீகா போயிற்று. சுபாங்கில் நெரிசல் பிடித்தது. வெயில் ஏறி, அப்பாவின் பக்கத்துக் கண்ணாடியில் அடித்தது. மீட்டர் பதின்மூன்று. பன்னிரண்டரை. பன்னிரண்டு. எஞ்சினில் ஒரு மாற்றமும் இல்லை, சீராக ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று.

அப்பா இடது சிக்னலைப் போட்டார்.

நான் நிமிர்ந்தேன். கார் தும்மவில்லை. குலுங்கவில்லை. மீட்டர் என் மடியில் இருந்தது. அவர் அதைப் பார்த்திருக்கவே முடியாது. மெதுவாக ஒவ்வொரு தடமாக மாறி இடது ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மா கையைக் கூப்பியிருந்தார்.

"அப்பா, ஏன் ஓரம் போறீங்க?"

அவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்து இன்னொரு தடம் மாறினார்.

"அப்பா, காடி இன்னும் நிக்கல. நிக்கப் போவுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னங்க, சொல்லாதீங்க" என்றார் அம்மா.

"அம்மா!"

"சாமி காட்டுறத வெளிய சொல்லக் கூடாது புனிதா. சொன்னா அப்புறம் காட்டாது."

மீட்டர் ஒன்பது. எஞ்சின் ஒரு தடவை தும்மியது. அப்பா அவசரத் தடத்துக்குள் காரை விட்டு, பிரேக்கை மெல்ல மிதித்தார். இரண்டாவது தும்மல். நின்றது. பின்னால் லோரியின் விளக்குகள் சிமிட்டிக்கொண்டு வந்து நின்றன.

"சொல்லுங்கப்பா. அம்மா நேரத்துக்குப் போவணுமா வேண்டாமா?"

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். "சாமி வெளக்கு மங்கும். மங்குனா, கொஞ்ச நேரத்துல நின்னுரும். எப்பவும் அப்படித்தான். ஒரு தடவகூட நடு ரோட்டுல விட்டதில்ல. ஓரம் போவ எனக்கு டைம் குடுக்கும்."

நான் என் மடியில் இருந்த மீட்டரைப் பார்த்தேன். டாஷ்போர்டில் இருந்த முருகனைப் பார்த்தேன். பிறகு சாவியைத் திருப்பச் சொன்னேன். விளக்கு மங்கலாக ஒருமுறை எரிந்து அணைந்தது. என் இருக்கைக்கு அடியில் பம்பும் ஒருமுறை ஈனமாக முனகி அடங்கியது.

சாவியைத் திருப்பியதும் சில நொடி ஓடி நிற்கும். எஞ்சின் ஓடினால் மறுபடி ஓடும். காரில் அப்படி நடந்துகொள்வது எண்ணெய்ப் பம்ப் ஒன்றுதான். அதைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த விளக்கு பல வருடமாக என் கண் முன்னாலேயே அதைச் செய்துகொண்டிருந்தது. சாமியின் விளக்கு யாருடைய வயரில் எரிகிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குள் அங்கிள் ஹோ அம்மாவின் கதவைத் திறந்துவிட்டார்.

"அக்கா, வா, வா. டைம் இருக்கு."

அம்மா இறங்கத் தயங்கினார். டாஷ்போர்டைத் திரும்பிப் பார்த்தார்.

"என் லோரியிலயும் முருகன் இருக்கு அக்கா. கொஞ்சம் பழசு. ஏறு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைக் கைத்தாங்கலாக ஏற்றி, பையை மடியில் வைத்தேன். அங்கிள் ஹோ என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "பாத்தா?"

"பாத்துட்டேன் அங்கிள்."

லோரி கிளம்பிப் போனது. நான் ஓட்டுநர் பக்கக் கதவடியில் மண்டியிட்டு, தரைவிரிப்பைப் பிடித்து இழுத்தேன். பின்னால் போகும் வயர்கள் எல்லாம் அந்த வாசற்படியின் ஓரமாகத்தான் கட்டாகப் போகும். விரலால் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் சுட்டது.

நீல நிறப் பிளாஸ்டிக் கவ்வி. மூடி அழுத்தினால் உள்ளிருக்கும் தகடு வயரின் தோலைக் கிழித்துக்கொண்டு செம்பைத் தொடும்; வெட்டாமல் ஒட்டாமல் இன்னொரு வயருக்கு மின்சாரம் எடுக்கச் சோம்பேறிகள் கண்டுபிடித்த வழி. அந்தக் கடைக்காரர் சாவி போட்டதும் மின்சாரம் வருகிற ஒரு வயரைத் தேடியிருக்கிறார். முதலில் கைக்குக் கிடைத்தது பம்பின் வயர். சாமி விளக்கை அதில் கவ்விவிட்டார். தகடு செம்பு இழைகளில் பாதியை அறுத்திருந்தது. மிச்ச இழைகள் இத்தனை வருட ஈரத்தில் பச்சை பூத்துப் பொடியாகிக்கொண்டிருந்தன. நீலம் பழுப்பாகி உருகியிருந்தது. கொஞ்ச தூரம் ஓடினால் தாங்கும். வெகுநேரம் ஓடி, அந்த நான்கைந்து இழைகள் சூடேறினால், பம்புக்குப் போக வேண்டியது வழியிலேயே வெப்பமாகக் கரைந்துவிடும். ஆறினால் மறுபடி பிடிக்கும். கிள்ளான் டவுனைச் சுற்றி வந்தால் எப்படித் தெரியும்?

கட்டரை எடுத்தேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்தது.

"புனிதா. சாமி வயர வெட்டாத."

வாகனங்கள் காற்றை அறைந்துகொண்டு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவர் முகத்தைப் பார்த்தேன். படிக்காதவரின் மூடநம்பிக்கை என்று அதைச் சொல்ல என்னால் முடியாது. அவர் சொன்னது முழுவதும் உண்மை. விளக்கு மங்கியது, அவர் ஓரம் போனார், அம்மாவை ஒரு தடவைகூட நடுச்சாலையில் நிறுத்தியதில்லை. என் மீட்டர் சொன்னதை அந்த விளக்கு எனக்கு முன்பே அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"வெட்டுறேம்ப்பா. ஆனா சாமிக்குத் தனி வயர் போட்டுத் தரேன். தனி ஃபியூஸ். யார்கிட்டயும் கடன் வாங்காம எரியும்."

அப்பா வயர்க் கட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு கையை எடுத்து, முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "செய்யி" என்றார்.

கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும்வரை தோலைச் சீவி, உலோகக் குழாயில் இரு முனைகளையும் இறுக்கி, மேலே சுருங்கும் உறையை இழுத்து லைட்டரால் சூடு காட்டினேன். அப்பா காற்று படாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார். முடிக்கிற நேரம் தொலைபேசி அடித்தது. அங்கிள் ஹோ.

"கேர்ள். அக்கா சீட்டுல உக்காந்தாச்சு. ஊசி போட்டாச்சு. லேட் இல்ல."

நான் அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் காருக்கு மறுபக்கம் போய், தடுப்புக் கம்பியில் கை வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் கருவிகளை வேண்டுமென்றே மெதுவாக எடுத்து வைத்தேன்.

அன்று பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேரும்வரை மீட்டர் பதின்மூன்றரையை விட்டு நகரவில்லை. அங்கிள் ஹோவிடம் அந்தக் கவ்வியைக் காட்டினேன். கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். உருகிய இடத்தை நகத்தால் சுரண்டினார்.

"நாம நெனச்சா" என்றார். "பாக்கல."

இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது. அந்தக் கவ்வி இன்று என் வகுப்பறை மேசையில் இருக்கிறது. மாணவர்கள் அதை அழிரப்பர் என்று நினைத்து எடுத்துப் பார்க்கிறார்கள்.

சித்தப்பாவிடமும் சொன்னேன், அதே கோயில் வாசலில். "அப்ப சாமிதான் காடிய நிறுத்துச்சுங்கிறியா?" என்றார். "சாமி இல்ல சித்தப்பா, அதுக்கு வயர் போட்ட ஆளு" என்றேன். இந்தத் தடவை சுற்றி நின்றவர்கள் என் பக்கம் சேர்ந்துகொண்டு சிரித்தார்கள்.

ஆனால் அம்மாவுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சாமி விளக்குக்குத் தனி வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"இனிமே மங்காதா?"

"மங்காதும்மா."

"அப்புறம் நிக்கப் போவுதுன்னு சாமி எப்படிச் சொல்லும்?"

"நிக்காதும்மா. சொல்ல வேண்டிய வேல இல்ல."

"நீ சொல்ற" என்றார். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார். அங்கிள் ஹோவின் கேள்விதான் அது, அம்மாவின் வாயில். நான் பார்த்துவிட்டேன், அவர் இன்னும் பார்க்கவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் அவர்களோடு போனேன். பின்னால் உட்கார்ந்தேன், மீட்டர் இல்லாமல். அம்மா ஏறியதிலிருந்து சாலையைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்க அந்த விளக்கில் இருந்தது. ஷா ஆலாம் போனது. பத்து தீகாவில் அம்மா கையைக் கூப்பினார். சுபாங்கில் நெரிசல் பிடித்தது, வெயில் ஏறியது, விளக்கு அப்படியே எரிந்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேருந்து குறுக்கே வந்து அப்பா அதன் ஓட்டுநரை ஏதோ திட்டியபோது, "என்னங்க, காலங்காத்தால" என்று அம்மா அடக்குவார் என்று எதிர்பார்த்தேன். சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகு அந்தக் காரில் அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை.

அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "ஏசியக் கொறச்சிவிடு, அவளுக்குக் குளிரும்" என்று கிசுகிசுத்தார். நான் பின்னாலிருந்து கையை நீட்டிக் குறைத்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகள் அப்போதுதான் வாளிகளை வெளியே வைத்துக்கொண்டிருந்தன. மையத்தின் கதவு இன்னும் திறக்கவில்லை. அவ்வளவு சீக்கிரமாக நாங்கள் அங்கே போனதே இல்லை. அப்பா மரத்தடியில் காரை ஒதுக்கி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். சாமி விளக்கும் அணைந்தது.

சத்தம் அடங்கியதும் அம்மா திடுக்கிட்டு விழித்தார். விளக்கைப் பார்த்தார். கை நேராக அப்பாவின் தோளுக்குப் போனது.

"ஐயோ, நின்னிருச்சா?"

"இல்ல" என்றார் அப்பா. "வந்துட்டோம்."